மணி அடிக்காத ஒத்திகை

எனக்குப் பயம் பிறவிக் குணம். பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, அந்தமானில் ரங்கத் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்குப் பிரின்சிபலாகப் போட்டார்கள். சுனாமி வந்தபோது நான் போர்ட் பிளேரில் புது டீச்சர். அன்றிலிருந்து தரை லேசாக ஆடினாலே வாசலுக்கு ஓடிவிடுவேன். இந்தத் தீவிலோ தரை அடிக்கடி ஆடும்.

எங்கள் பள்ளியின் சுனாமி ஒத்திகையை, அந்த மாக் ட்ரில்லை, ஊரே மெச்சியது. முதல் மணிக்குப் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் புகுவார்கள். இரண்டாவது மணிக்குப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் பாக்குத்தோட்ட மேட்டுக்கு வரிசையாக ஏறுவார்கள். மூன்றாவதற்கு இறங்குவார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் காலை நிஜமாகவே ஆடியது. மேஜைமேல் இருந்த டம்ளர் நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. கரண்ட் இல்லை, எங்கள் மணியோ கரண்டில் அடிப்பது. வராந்தாவுக்கு ஓடிப் பார்த்தால் பள்ளியே கப்சிப். பிள்ளைகள் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். முகமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது, ஆனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டீச்சர்களும் அப்படியே.

"ஏன் யாரும் கெளம்பல?" என்று கத்தினேன்.

"பெல் அடிக்கலையே மேடம்" என்றாள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே படகு வைத்துப் பிழைக்கிறவரின் மகள்.

அன்று தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் அத்தனை பேரும் மணிக்காகக் காத்துக்கொண்டே போயிருப்பார்கள். நாங்கள் அவர்களுக்கு மணியைத்தான் கற்றுக்கொடுத்திருந்தோம். நான் லீவில் இருக்கும் நாளில் ஆடினால் இந்தப் பிள்ளைகள் பிழைக்குமா? அந்த ஒரு கேள்வி சோற்றை இறங்கவிடவில்லை.

மறுநாளே ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன், இனி ட்ரில்லுக்கு மணி கிடையாது என்று.

"பசங்க கலாட்டா பண்ணுவாங்க மேடம். விழுந்து கைகால் ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் கணக்கு வாத்தியார்.

"நான்தான் சொல்லணும். வேற யாரு?" வெடுக்கென்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான்.

வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தேன். எதற்கு ஏறுகிறோம், எந்த வழியில் ஏறினால் சின்னப் பிள்ளைகள் மிதிபடமாட்டார்கள், எல்லாவற்றையும் நீங்களே யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். முதலில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பிறகு பின்கேட்டின் பூட்டைப் பற்றி ஒருவன் கேட்டான். அதன் சாவி பியூன் வீட்டில் இருந்தது! அன்றே பூட்டைக் கழற்றி எறிந்தேன். எப்போது இறங்குவது என்று கேட்டவள் அந்தப் படகுக்காரர் மகள். அலை ஒன்றோடு நிற்காது என்று அவளே வீட்டில் விசாரித்து வந்திருந்தாள். பேரிடர் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஃபோன் வந்த பிறகுதான் இறங்குவது என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். நானும் சரி என்றேன்.

சில மாதங்கள் கழித்து ரங்கத்தில் மீட்டிங் முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் பக்கவாட்டில் ஆடியது. டிரைவர் பிரேக் போட்டுவிட்டு, "பூகம்ப்! பூகம்ப்!" என்று குதித்தார். ஃபோனில் சிக்னல் இல்லை. பள்ளிக்கு இன்னும் இரண்டு வளைவு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்தோணியாரே, முருகா, அல்லா என்று வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பள்ளி காலி. பைகள் பெஞ்சில் கிடந்தன. பின்கேட் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

மேட்டின் அடியில் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள். அதிர்வு நின்று வெகுநேரமாகிவிட்டது. "குச் நஹீ ஹுவா மேடம், பச்சோ கோ நீச்சே புலாவோ" என்று, ஒன்றுமே ஆகவில்லை என்கிற தைரியத்தில், பிள்ளைகளைக் கீழே கூப்பிடச் சொல்லிக் கத்தினார்கள். படகுக்காரரும் அங்கே இருந்தார். "எம்புள்ளைய எறக்கி வுடுங்க மேடம், வெயில்ல சாவுது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆளாளுக்கு நெருக்க, எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

"எல்லாரும் கீழ வாங்க!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

பாக்குமரங்களுக்கு நடுவில் டீச்சர்களோடு நின்ற அவர் மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஃபோன் வந்திடுச்சா மேடம்?"

"சிக்னலே இல்ல. நான் சொல்றேன்ல, வா!"

"ஃபோன் வரலன்னா வரமாட்டோம்."

அப்பா கீழேயிருந்து அதட்டினார். அவள் நகரவில்லை. இறங்கப் போன ஒன்றாம் வகுப்புப் பொடிசு ஒன்றைச் சட்டையோடு பிடித்து இழுத்துக்கொண்டாள். "நீங்க மேல வாங்க மேடம். அப்பா, நீயும் வா. அங்க நிக்காதீங்க!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பிரின்சிபல் சொல்லியும் கேட்கமாட்டாளா? வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, நான் நிற்கிற இடம் கடல் மட்டம். என் பின்னால் அத்தனை தாய் தகப்பன்.

"ஏறுங்க எல்லாரும்" என்றேன். படகுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் ஏறினார்கள்.

மேலே போனதும் கடலைப் பார்க்கப் பயந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்துச் சிக்னல் வந்து என் ஃபோன் அடித்தது. "ஸ்பீக்கர்ல போடுங்க மேடம்" என்றாள் அவள். போட்டேன். ஆபத்தில்லை என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து ஹிந்தியில் சொன்னார்கள். அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எறங்கலாம்" என்றாள்.

நான் வரிசையில் கடைசியாக நின்றுகொண்டேன்.