மாமன் சீராக ஒரு சாக்கு எலும்பு

என் அக்கா வடிவம்மாளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லத் திருவனந்தபுரத்தில் ஆள் நிறைய உண்டு. அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். அவர்களில் யாரும் அவளோடு மல்லுக்கு நின்று தோற்றதில்லை. நான் தோற்றிருக்கிறேன். அதுவும் சொந்தபந்தம் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுச்சேலையும் தங்கச் சங்கிலியும் வைத்த தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு. ஒரு ஆள் எப்படிப்பட்டவள் என்று தோற்றவனைக் கேட்டால்தான் தெரியும்.

வள்ளியூருக்குப் பக்கத்திலிருந்து ஐம்பதில் எங்கள் இரண்டு குடும்பமும் இங்கே வந்தது. நான் சாலைக் கடைத்தெருவில் சாக்கும் கயிறும் விற்கிற கடையில் நின்று, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினேன். அக்காவும் அத்தானும் கட்டட வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு ரொம்ப நாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் செண்பகவல்லி. பிள்ளைக்கு நாலு வயது முடியுமுன்னே அத்தான் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். ஊருக்கே திரும்பிப் போய்விடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் சொன்னதையும் கேட்டாளா? பதினேழாம் நாள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, தம்பானூருக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் குணத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். வீடு கட்டும்போது மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிற நாளை வார்ப்பு நாள் என்போம். அன்றைக்கு வீட்டுக்காரர் வேலையாட்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுவது வழக்கம். ஆண்கள் முதல் பந்தி. சித்தாள் பெண்களுக்குக் கடைசியில் அடிச்சோறும் தண்ணிச் சாம்பாரும்தான் மிஞ்சும். பட்டம் பகுதியில் ஒரு வீட்டு வார்ப்பில் இதைப் பார்த்த அக்கா, ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு, கைக்கு வந்த கான்கிரீட் சட்டியை மேலே கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் கொடுக்காவிட்டால் மேலே ஒரு சட்டியும் போகாது. வார்ப்பைத் தொடங்கினால் முடிக்காமல் நிறுத்தக் கூடாது, நிறுத்திய இடம் ஒட்டாமல் பின்னால் ஒழுகும். மேஸ்திரி குதித்தான். வீட்டுக்காரர் ஓடிவந்தார். இன்றைக்கு எல்லோருக்கும் ஒரே பந்தி என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் சட்டி மேலே போனது. அந்த மேஸ்திரி அப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லை. அவள் வேறு மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளின் மகளுக்கு எழுபத்திரண்டில் மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தது.

கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை. கடைத்தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தபோது வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. என் மகன் சொரிமுத்துவுக்குத்தான் செண்பகவல்லி என்று அவள் பிறந்த அன்றே பேச்சு. முறைப்பெண். பத்தாம் கிளாஸைத் தாண்டாத சொரிமுத்து கடையில் சாக்கு எண்ணிக்கொண்டிருக்கிறான். அவள் டாக்டராகி வந்தபிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பது? என் வீட்டுக்காரி உலகம்மாள் அதற்கு உடனே ஒரு வழி கண்டுபிடித்தாள். படிக்கப் போகிற பிள்ளைக்குத் தாய்மாமன்தான் முதல் சீர் கொடுக்கணும். அந்தச் சீரைப் பட்டும் சங்கிலியும் பூவுமாகத் தாம்பாளத்தில் வைத்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். கொடுப்பது காலேஜுக்குப் பரிசு. வாங்கிக்கொண்டால் கல்யாணம் உறுதி. எங்கள் ஆட்களில் யாருக்கும் இதை விளக்க வேண்டாம். எனக்கும் விளங்கித்தான் இருந்தது. சரி என்றேன்.

இரண்டு நாள் கழித்து, நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது அக்கா வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். புருவத்தில்கூடச் சிமெண்டு. இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். காலேஜில் சேர்கிற பிள்ளைகள் வாங்கவேண்டிய சாமான்களின் பட்டியல். வெள்ளைக் கோட்டு, அறுத்துப் பார்க்கிற கத்தி கத்தரிப் பெட்டி, அதற்குக் கீழே எலும்பு, அரைச் செட்டு, அதாவது மண்டையோடும் முதுகெலும்பும் ஒரு பக்கத்துக் கை கால் எலும்பும்.

"மாமன் சீரு குடுக்கப் போறியாமே. இதுல உள்ளத குடு. மத்தது எதுவும் வேண்டாம்" என்றாள்.

டாக்டருக்குப் படிப்பவள் கழுத்தில் போடுகிற அந்த ரப்பர்க் குழாயை வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்றேன். அதையும் அவள் விசாரித்து வைத்திருந்தாள். முதலில் பிணத்தை வைத்துத்தான் படிப்பு, பிணத்துக்கு நெஞ்சு துடிக்காது, குழாய் பிறகு போதும் என்றாள். எலும்பை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்டேன். கடையில் இல்லையாம். மேல்வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் தங்கள் செட்டைப் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு விற்றுவிடுவார்களாம், அதுதான் அங்கே பழக்கமாம். என்னைச் சாக்கு ஒன்று எடுக்கச் சொன்னாள். புதுச் சாக்கு. வழியில் பேசி மனதை மாற்றிவிடலாம் என்ற நினைப்பில் சாக்கோடு நானும் பஸ் ஏறினேன். மெடிக்கல் காலேஜ் வரைக்கும் பேசினேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

பெண்கள் ஹாஸ்டலில் பார்வையாளர்கள் உட்காரும் வராந்தா வரைதான் ஆண்களை விடுவார்கள். அங்கே ராகேல் என்ற மாணவி, கோட்டயத்துப் பெண், மூன்று செட் எலும்பைக் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் பரப்பினாள். ஒன்று அவளுடையது, மற்ற இரண்டும் தோழிகளுடையவை. நான் தூணைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். ஆனால் எவ்வளவு நேரம்தான் தூணைப் பார்ப்பது? ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்கா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். முதல் செட்டின் தொடை எலும்பைத் தன் தொடைமேல் வைத்தாள், கால் எலும்பை அதற்குக் கீழே வைத்தாள். தொடை நீளம், கால் குட்டை. இது இரண்டு ஆளுடையது என்று தள்ளி வைத்தாள். இரண்டாவது செட்டின் மண்டையோட்டைக் கையில் எடுத்து, செங்கலைத் தட்டிப் பார்க்கிற மாதிரி விரல்மடக்கால் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சத்தம் அமுங்கியது. நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது. அவளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் பூச்சு வேலை தெரியும்.

"இது ஒடைஞ்சு பொட்டுனதாக்கும். மேல பூசி மறைச்சிருக்கு" என்றாள்.

ராகேலின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு வருடமாகத் தோழி அதை வைத்துப் படித்ததில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லையாம். பிறகு சிரித்துக்கொண்டே தன் செட்டை முன்னால் நகர்த்தினாள். அக்கா அதையும் விடவில்லை. முதுகெலும்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கினாள், தாடையைப் பொருத்தினாள், கை எலும்பைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்தாள். என் மகன் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தால்கூட இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டாள். கடைசியில் விலை பேசி முடித்து, ஒவ்வொன்றாகச் சாக்கில் இறக்கினாள்.

என்னைத் தூக்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அவளே தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் முன்வாசலில் ஏறினாள். நான் பின்வாசலில் ஏறி, அவள் யாரோ நான் யாரோ என்பது போல நின்றுகொண்டேன். கண்டக்டர் சாக்கைத் தொட்டு என்ன என்று கேட்டார்.

"எல்லு. மனுஷன்றெ எல்லு" என்று, மனுஷ எலும்பு என்பதை மலையாளத்தில் பளிச்சென்று சொன்னாள். "என்றெ மோள்க்குப் படிக்கான்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள். காலியான சீட்டில் அவள் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு ஸ்டாப்புக்கு முன்பே இறங்கி நடந்தேன். மங்கல காரியத்துக்கு எவளாவது பிண எலும்பை வாங்குவாளா? நம் தட்டை நாம் கொண்டுபோவோம், நாலு பேர் முன்னால் எப்படி மறுக்கிறாள் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். நான், உலகம்மாள், எங்கள் ஆட்களில் பெரியவரான தாணுலிங்கம் அண்ணாச்சி, அவர் வீட்டுக்காரி. சொரிமுத்து வரமாட்டேன் என்று கடையிலேயே இருந்துவிட்டான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அக்கா வீட்டில் கோலம் போட்டு, விளக்கு ஏற்றி, பாய் விரித்திருந்தது. பாயின் நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் வெள்ளைத் துண்டு விரித்து, மண்டையோட்டையும் மற்ற எலும்புகளையும் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். தாணுலிங்கம் அண்ணாச்சியின் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டுக்குள் எவனோ செத்தவனுடைய எலும்பா என்று முணுமுணுத்தாள். அக்கா அவளைப் பார்த்து வாருங்கள் மைனி என்று மட்டும் சொன்னாள்.

நான் என் தட்டை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை.

"சீரு மாமன் கையாலத்தான் குடுக்கணும், எனக்குத் தெரியும். அதுக்காச்சுட்டித்தான் ஒனக்காகக் காத்திருக்கேன். ஒந்தட்ட ஓரமா வச்சிட்டு, பாயில இருக்கத எடுத்து ஒம்மருமவ கையில குடு."

இரண்டையும் வாங்கிக்கொண்டால் போகிறது, இதில் என்ன வழக்கு என்று தாணுலிங்கம் அண்ணாச்சி சமாதானம் பேசினார். அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"லே பூதலிங்கம், வார்ப்ப பாதியில நிறுத்துனா அந்த எடம் காலத்துக்கும் ஒழுகும். இது நான் ஒத்தையில சொமந்து, பாதி ஏத்திட்ட வார்ப்பு. ஒன் சங்கிலி பாதியில நிறுத்துத சங்கிலி, கேட்டியா. அவ டாக்டராயி வந்து சொரிமுத்துதான் வேணும்னா நானே கொண்டாந்து விடுதேன். இன்னைக்கு அவ கழுத்துல எதையும் மாட்டாத."

நான் செண்பகவல்லியைப் பார்த்தேன். சுவரோரம் நின்றிருந்தாள். நான் தோளில் தூக்கிப் பத்மநாபசாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் காட்டிய பிள்ளை. அம்மா பேசும்போது அவள் தலையைக் குனியவில்லை. முன்னால் வந்து, இரண்டு கையையும் சேர்த்து என் முன்னால் நீட்டினாள்.

"குடுங்க மாமா" என்றாள்.

அந்தக் கையில் நான் எதை வைத்தாலும் அவள் வாங்கியாக வேண்டும். பட்டை வைத்திருந்தாலும் அழுதுகொண்டே வாங்கியிருப்பாள். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தபிறகு பட்டை வைக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். என் தட்டைக் கீழே வைத்தேன். குனிந்து மண்டையோட்டை எடுத்தேன். கனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், கனமே இல்லை. அவள் கையில் வைத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் காலில் விழுந்தாள்.

உலகம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பினாள். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். நான் போகவில்லை. அன்றைக்கு முதல் இலை செண்பகவல்லிக்கு, இரண்டாவது அக்காவுக்கு, மூன்றாவது எனக்கு. அவியல் நன்றாக இருந்தது.

எங்கள் ஆட்கள் ஒரு வருடத்துக்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் கல்யாணக் கடுதாசி வைக்கவில்லை. எலும்பு கொடுத்த மாமன் என்று எனக்குப் பெயரும் வைத்தார்கள். சொரிமுத்து நெய்யாற்றின்கரையில் தானே ஒரு பெண்ணைப் பார்த்துவைத்திருந்தான், பிறகுதான் சொன்னான்.

எழுபத்து நாலில் செண்பகவல்லி எலும்புப் பரீட்சை எல்லாம் தேறி மேலே போய்விட்டாள். வழக்கப்படி செட்டை விற்க வேண்டும். சீரை விற்கக் கூடாது என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் மாவாட்டுகிற அம்மாளின் மகள் ஜெயலக்ஷ்மிக்கு அந்த வருடம் இடம் கிடைத்திருந்தது. அக்கா எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கூட நிக்க மாமன் இல்லலே. வந்து ஒங்கையால குடு."

நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அதே சாக்கு. இந்தத் தடவை அக்காவைத் தூக்க விடவில்லை. கரமனையில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முன்வாசலிலேயே ஏறினேன். கண்டக்டர் சாக்கைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"எல்லு" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "மனுஷ எலும்பு. எங்க பொண்ணு டாக்டருக்குப் படிக்கா. மாமன் சீரு கொண்டு போறேன்."

பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். நானும் அக்காவும் வசதியாக உட்கார்ந்துகொண்டோம்.