மரமல்லாத எலி

அந்த மர எலி ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். வாலை உடம்போடு சுற்றிக்கொண்டு படுத்திருக்கும். முந்தி ஜப்பானில் ஆண்கள் இடுப்புக் கச்சையில் பையைத் தொங்கவிட, கயிற்றின் நுனியில் கோத்த கட்டை அது. நெட்சுகே என்று பெயர். இத்தாலியில், பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் ஒரு முதியவரைப் பராமரித்தேன். சிஞ்ஞோரே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவேன். இப்படியான நெட்சுகேகளை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தவர். நான் வேலைக்குப் போனபோது அவருக்குக் கண் தெரியாது. காலையில் குளிப்பாட்டி, கோப்பி கொடுத்த பிறகு ஒவ்வொன்றாக அவர் கையில் வைக்க வேண்டும். மரத்தில் மனிதக் கை படாவிட்டால் அதன் மினுக்கம் செத்துப்போகும் என்பார். கயிறு உரசி வழுவழுப்பான ஓட்டையை விரலால் தேடித் தடவுவார். நான் அதிகம் கதைப்பதில்லை. "உம்மைவிட இந்த எலி கூடக் கதைக்குது," என்று பகிடி பண்ணுவார்.

அவருடைய மகன் மிலானோவில் இருந்தார். ஒருநாள் வந்து, துப்புரவாக்கித் தருகிறேன் என்று எல்லாவற்றையும் பெட்டியோடு கொண்டுபோனார். அடுத்த மாதம் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். அவர் போன பிறகு சிஞ்ஞோரே எலியைக் கேட்டார். கொடுத்தேன். வெகுநேரம் தடவினார்.

"இது மரமில்லை. அச்சிலை வார்த்தது. வயித்துக்குக் கீழை அச்சுக்கோடு ஓடுது," என்றார்.

"மற்றதுகளையும் கொண்டாறதோ?"

"வேண்டாம். எல்லாம் ஒண்டுதான்."

"மகனிட்டைக் கேக்கட்டோ?"

"கேளாதையும். எனக்குத் தெரியுமெண்டால் வெக்கத்திலை இஞ்சாலை வரமாட்டான். வித்தது போகட்டும். அவன் வரோணும்."

ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகன் சொல்லியிருந்தார். முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டி உட்காரவைத்தேன். பாஸ்தா காய்ந்து போனது. பிறகு போன் வந்தது. நான்தான் காதருகே பிடித்தேன். வேலையாம், வர ஏலாதாம்.

"பப்பா, எலி கையிலை இருக்கோ?" என்று மகன் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஓம் மகன், கையிலைதான்," என்றார் சிஞ்ஞோரே. இரண்டு கையும் முழங்காலில் வெறுமையாகக் கிடந்தன.

அதன் பிறகும் ஞாயிறுதோறும் முகம் வழித்துவிட்டேன். மகன் சிஞ்ஞோரேயின் செத்தவீட்டுக்குத்தான் வந்தார்.

இப்போது மொண்டெல்லோவில் வேறு வீடு, வேறு வேலை. என் மகன் தொரினோவில் இருக்கிறான். போன கிழமை படியில் விழுந்தேன். கையைத் தூக்க முடியவில்லை. சொன்னால் வரவேண்டி வருமே என்று அவன் தடுமாறுவான். பிறகு போனும் குறைந்துவிடும்.

"சுகமோ அம்மா?" என்றான் நேற்று.

"ஓமடா, நல்ல சுகம்," என்றேன்.