சாடி நகர்ந்த தூரம்

தொண்ணூறுகளில் சிட்னியில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளியாக நின்றேன். ஊரில் நில அளவையாளனாக இருந்தவனுக்கு இங்கே கிடைத்தது ஓர் அறையும் அதிலிருந்த பதினேழு பொருட்களும். மூன்று மாதத் தற்காலிக வேலை; ஏழு வாரம் முடிந்திருந்தது. நிரந்தரமாக்கினால்தான் ஹோம்புஷ் புறநகரில் வாடகைக்கு எடுத்த பிளாட்டில் தொடர்ந்து இருக்கலாம். காவலர்களுக்கு விதி ஒன்றுதான்: எது நடந்தாலும் பொருளைத் தொடக்கூடாது. தொடுகிறவர்கள் மேல்மாடியிலிருந்து கையுறையுடன் வருவார்கள்.

பதினோராவது பொருள் ஒரு பழைய ஜப்பானியச் சாடி. கல்லைப்போல இறுகச் சுட்ட மண். தோளில் ஊற்றிய பச்சை மெருகு ஐந்து தாரைகளாக வழிந்து, அடியை எட்டாமல் உறைந்திருந்தது. கண்ணாடிக் கூடு இல்லை, வெறும் பீடம். பக்கத்துக் காணியில் புதுக் கட்டடத்துக்கு அத்திவாரத் தூண்களை இயந்திரத்தால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிமிடத்துக்கு இருபத்திரண்டு தரம் அடி விழுந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரிந்தது.

ரயில் டிக்கெட்டின் ஓரத்தில் சென்டிமீட்டர் கோடுகள் கீறி, சாடியில் படாமல் பிடித்து அளந்தேன். திங்களன்று சாடிக்கும் பீடத்தின் விளிம்புக்கும் இடையே எட்டு. புதன் ஏழு. வெள்ளி ஐந்து.

அடுத்த அறைக் காவலர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அண்ணை, நீங்கள் எண்ணுறதைத் தாங்கேலாமல்தான் அது வெளிக்கிட்டுப் போகுது."

"பகிடி விடாதையும். விழுந்தால் என்ர தலையில."

"அது எத்தினை நூறு வருசமா நிக்குது. நீங்கள் வந்து ஏழு கிழமை."

மேற்பார்வையாளரிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒருவரும் வரவில்லை.

அடுத்த புதன் காலை இரண்டு சென்டிமீட்டர்தான் மிச்சம். அன்று ஒரு பள்ளிக்கூட வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள், படியேறி வந்துகொண்டிருந்தது. அவர்கள் வாசலை எட்டுமுன் சாடியை இரு கைகளாலும் பிடித்துப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். நினைத்ததைவிடப் பாரம். குளிர்ந்திருந்தது. கூரையில் கமரா இருந்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் என்னைக் கீழ்த்தளத்தில் பார்க்க வருகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். என் அறைக்கு வந்தவர் எதையும் அளக்கிறவரல்ல. கீழேயும் அந்த அடி கேட்டது.

இருபதாம் நாள் யாழ்ப்பாணத்துக்காரர் இறங்கி வந்தார்.

"அண்ணை, சாடி விழுந்திட்டுது."

"எத்தினை துண்டு?"

"அதை ஆர் எண்ணினது? உங்களை மேல வரட்டாம்."

மேலே மேசையில் ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரே கேள்வி: இந்தப் பொருளை நீங்கள் எப்போதாவது தொட்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எவ்வளவு நகர்ந்தது, எத்தனை தரம் சொன்னேன் என்று எழுத இடமில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறுமை. மேற்பார்வையாளர் பேனையை நீட்டினார். அந்தக் குறிப்பேடு மேசையில் இல்லை.

முதல் கட்டத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தேன்.