கோலத்தை மிதிக்காத மணி

காப்பகத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்த மணி, நன்றாக வளர்ந்த தெருநாய். மாலை நடை முடிந்தால் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்குள் ஓடி வருபவன், காலையில் மட்டும் வாசலிலேயே படுத்துக்கொள்வான். பிஸ்கட், அதட்டல், எதற்கும் மசியவில்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

ஒருநாள் காலை பொறுமையிழந்து அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். கோலத்தில் கால் பட்டதும், அடி விழப்போவதுபோல உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடுங்கினான்.

"ஐயோ, கோலத்த மிதிச்சு எங்கயோ நல்லா அடி வாங்கியிருக்கான்டி!" என்ற அம்மா, அப்போதுதான் போட்டு முடித்த கோலத்தைத் தன் காலாலேயே அழித்தாள். "வாடா ராஜா, ஒண்ணும் பண்ண மாட்டோம்."

தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

இப்போதெல்லாம் அம்மா அவனுக்கு வழிவிட்டுத்தான் கோலம் போடுகிறாள். அவனோ கோலத்தின்மேலேயே படுத்துத் தூங்குகிறான். வயிறெல்லாம் கோலமாவோடு அவன் வீட்டுக்குள் வந்தால், நான் துடைத்துவிடுவதில்லை.