ஜனெல் குபிச்செக் தோற்றாளா?

எங்கள் கல்லூரிகளின் பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு முப்பது வருஷம் நிறைந்ததற்கு மலர் போட்டார்கள். முதல் வருஷம் எங்கள் அணியின் கேப்டன் நான் என்பதால், கோல்கீப்பர் ஜனெல் குபிச்செக்கைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். உயரம், பிறந்த ஊர், தடுத்த கோல்கள் என்று உப்புச்சப்பில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத, அவள் தோற்றாளா இல்லையா என்று எனக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்றுவரை குழப்பம்தான்.

ஜனெல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஊருக்கு வடக்கே சோளம் போடுகிறவர் வீட்டுப் பெண். கல்லூரிக்கு வரும்வரை கால்பந்தைத் தொட்டதில்லை. கையின் நீளத்தைப் பார்த்துவிட்டு கோச் அவளைக் கோலில் நிறுத்திவிட்டார். அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும், வேறு ஆசையே கிடையாது. நாங்கள் பஸ்ஸில் பாட்டும் கூத்துமாகப் போவோம். அவள் மாட்டுக் குடலின் படத்தை மடியில் விரித்துப் படித்துக்கொண்டு வருவாள். சாண்ட்விச் தின்னும்போதும் அந்தப் படம்தான். அவள் பக்கத்து சீட்டில் உட்கார என்னைத் தவிர யாருக்கும் தைரியம் இல்லை.

1993க்கு முன்புவரை எங்கள் எட்டுக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் புள்ளி அதிகம் எடுத்தவர்கள்தான் சாம்பியன். அந்த வருஷம்தான் முதல் நான்கு அணிகளுக்கு மட்டும் நவம்பரில் தனியாகப் போட்டி வைத்தார்கள். உடை மாற்ற அறை கேட்டோம், ஆண்கள் அணிக்கு வேண்டும் என்றார்கள். பஸ்ஸுக்குள் போர்வையைக் கட்டி மாற்றிக்கொண்டோம். அந்த சீசனில் பதினாறு ஆட்டம் ஆடி ஒன்றில்கூட நாங்கள் தோற்கவில்லை. அந்தத் திமிரோடுதான் இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

எதிரணி பிளம் க்ரீக் கல்லூரி. அணிக்கொரு கோல். கூடுதல் நேரம் கொடுத்தும் அப்படியே நின்றது. பிறகு பெனால்டி. கடைசி உதைக்கு ஜனெல் இடப்பக்கம் பாய்ந்தாள், பந்து நடுவில் போனது. சும்மா நின்றிருந்தால் வயிற்றில் பட்டுத் திரும்பியிருக்கும். பிளம் க்ரீக் பெண்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள்.

கையெழுத்துப் போடுவதற்காக நடுவர் முடிவுத் தாளை என்னிடம் நீட்டினார். ஒன்றுக்கு ஒன்று, டிரா என்று இருந்தது. தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றேன். பெனால்டி என்பது கோப்பை யாருக்கு என்று முடிவு செய்யத்தான், ஆட்டம் ஏட்டில் டிராவாகத்தான் ஏறும், உங்கள் கணக்கில் தோல்வி கிடையாது என்றார். கோப்பையை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் நாங்கள் தோற்கவில்லை. என்ன கண்றாவி விதியோ என்று கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது ஜனெல் முகத்தை பஸ் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தாள். மடியில் படம் இல்லை. ஏட்டில் இது டிராதான் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். இதைச் சொல்லி யாரைத் தேற்றுவது? அதுவும் இல்லாமல், எங்கள் பக்கத்தில் ஒருவர் நொந்திருந்தால் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டோம். கோழியும் நூடுல்ஸும் போட்டு கேசரோல் சுட்டு, வாசலில் கொடுத்து, குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம். அதுதான் எங்களுக்கு மரியாதை. மறுநாள் உள்ளூர்ப் பேப்பர் ‘முதல் தோல்வி’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. கோச்சும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நினைத்தாராம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. அத்தனை பேரின் உழைப்பைக் கெடுத்துவிட்டு எந்த முகத்தோடு அதே சாப்பாட்டு அறைக்கு வருவது என்று தன் அம்மாவிடம் சொன்னாளாம். அதன் பிறகு ஊர் கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தொன்பது வருஷமாக, டாக்டர் ஆகியிருக்க வேண்டியவள் டாக்டருக்கு மாடு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் மாதம் ஒருமுறை போவேன். எல்லாம் பேசுவோம், கால்பந்தைத் தவிர.

இந்த அக்டோபரில் அவளுக்குக் கூட்டமைப்பிலிருந்து கடிதம் வந்தது. ‘தோல்வியே காணாத 1993 அணியை’ மைதானத்தில் கௌரவிக்கிறார்களாம். யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து அதைக் கிழிக்கப் போனாள். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று நான்தான் அழைத்துப் போனேன்.

விழாப் பந்தலில் ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓஸ்ட்பி என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷப் போட்டியும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பனியில் ஆரஞ்சுப் பந்து வைத்து ஆடிய வருஷம்வரை சொல்வார். ஜனெல் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“சார், இது தப்பு. ஃபைனல்ல நாங்க தோத்தோம். கோல்ல நின்னதே நான்தான்.”

“தோக்கலைம்மா. டிரா.” அவர் பழைய தாளை எடுத்துக் காட்டினார். “பெனால்டிய ஆட்டத்துல சேர்க்கறதில்ல. அன்னிக்கும் இதே ரூல்தான்.”

“அப்ப அவங்க ஜெயிச்சாங்களா?”

“கோப்பைய ஜெயிச்சாங்க. ஆட்டத்த ஜெயிக்கல.”

“நான் விட்ட கோல்?”

“அது எந்தக் கணக்குலயும் இல்லம்மா.”

அவர் நல்ல சேதி சொல்வதாக நினைத்துச் சிரித்தார். ஜனெல் சிரிக்கவில்லை. தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். அடியில் என் கையெழுத்து இருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

“உனக்குத் தெரியுமாடி, டார்லா?”

“தெரியும்.”

“அன்னிக்கேவா?”

“அன்னிக்கே.”

வெளியே ஒலிபெருக்கியில் எங்கள் அணியின் பெயர்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். பந்தலை விட்டு வெளியே வந்து மைதானத்தின் எல்லைக் கோட்டருகே நின்றோம். அவள் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு பஸ்ல நீ சொல்லியிருந்தா நான் படிப்ப விட்டிருப்பேனா?”

எனக்கென்ன தெரியும்? பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்திருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும்? எப்படியும் விட்டிருப்பாய் என்று சொன்னால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“விட்டிருக்க மாட்ட,” என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் பெயரை வாசித்தார்கள். நேராக நடந்து போய் வரிசையில் நின்றாள். அடுத்த பெயர் என்னுடையது. கேப்டன் என்றும் சேர்த்து வாசித்தார்கள், இரண்டு முறை. நான் கோட்டைத் தாண்டவில்லை.