பத்து உடுப்பும் பக்கத்துக் காம்பராவும்

1. பச்சைச் சாரி போன காலை

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலின் லினன் ரூமில் எனக்குத் தலை நரைத்தது. லினன் ரூம் என்றால் பெட்ஷீட், துவாய், தலையணை உறையெல்லாம் வெளுத்து, மடித்து, தட்டில் அடுக்கும் அறை. அங்கே முதலில் சொல்லித்தருவது ஒரு கணக்கு. ஒரு கட்டிலுக்கு மூன்று பெட்ஷீட் வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று தண்ணீரில், ஒன்று தட்டில். இதைப் பார் ஸ்டொக் என்போம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே என் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

கொழும்பிலிருந்து புதிதாக ஒரு மெனேஜர் மிஸ் வந்தார். சின்ன வயசு, சுறுசுறுப்பு. ஒரு காலை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரீட்டா அக்கா, இனி லொண்டரி எல்லாம் வெளியில குடுக்கப் போறோம். லினன் ரூமை மூடுறோம்."

என் கணவர் அந்தோணி இடுப்பு வலியால் தேயிலை மலைவேலையை விட்டுவிட்டவர். வீட்டில் உலை வைப்பது என் சம்பளத்தில்தான்.

"பயப்படாதீங்க. உங்களை லொபியில போடுறேன். வாற கெஸ்ட்டை வரவேற்கணும், அவ்வளவுதான். ஆனா டிரெக்டர் ஒரு நாள் வந்து பார்ப்பார். அவர் ஓகே சொன்னாத்தான் நிரந்தரம்."

"சரிங்க மிஸ்."

"இன்னொண்ணு. முன்னுக்கு நிக்கிற யாருக்கும் இனி யூனிபோம் இல்ல. கெஸ்ட்டுக்கு ஒரு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும். நீங்க சொந்த உடுப்புத்தான் போடணும்."

எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யார் வீட்டுக்குப் போனாலும் நைட்டியோடுதான் கதவைத் திறப்பார்கள்.

அதற்குப் பிறகு மிஸ் சொன்னதுதான் என் தலையைச் சுற்ற வைத்தது. "பத்து உடுப்பு போதும் அக்கா. எல்லாம் பிளேன் கலர். எதோட எதைப் போட்டாலும் பொருந்தணும். தினமும் போடுற அவசியமான உடுப்பு மட்டும். இதுக்குப் பேரு கெப்சூல் வோட்ரோப்."

கெப்சூல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் கொடுப்பது. சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்காததுதான் குறை. பத்தில் எத்தனை ஈரமாக இருக்கும், எத்தனை தட்டில் இருக்கும் என்றும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிஸ் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார்.

2. அலுமாரியைக் கொட்டினேன்

ராகலை பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து, அலுமாரியில் இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினேன். ஒரு பக்கம் நைட்டிகள், பழைய சுவெட்டர்கள். இன்னொரு பக்கம் கோயில் திருநாளுக்கும் கல்யாணத்துக்கும் சாவு வீட்டுக்கும் கட்டும் சாரிகள். நடுவில் ஹோட்டல் கொடுத்த பச்சை யூனிபோம் சாரிகள்.

தினமும் போடும் உடுப்பு எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று என்னிடம் இல்லவே இல்லை. இத்தனை வருஷமும் நான் ஒன்று வேலையில் இருந்திருக்கிறேன், இல்லை என்றால் அடுப்படியில் இருந்திருக்கிறேன், இல்லை என்றால் கோயிலில். சும்மா ஒரு நாள் என்று ஒன்று எனக்கு இருந்ததா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

அந்தோணி எட்டிப் பார்த்தார். "என்னா, எங்கயாவது போகப் போறியா?"

"இல்ல. தினமும் போடுறது எதுன்னு தேடுறேன்."

"போட்டுக்கிட்டு இருக்கியே, அதான்" என்றார். நான் போட்டிருந்தது நைட்டி.

ஞாயிறு பூசை முடிந்ததும் டவுனுக்குப் போனேன். ஏற்றுமதியில் கழித்த உடுப்புகள் விற்கும் கடையில் கறுப்புப் பாவாடை, சாம்பல் பாவாடை, வெள்ளை பிளவுஸ், சந்தன நிற பிளவுஸ், கருநீலக் கார்டிகன் என்று பத்து பொறுக்கினேன். கடைக்காரத் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, பூப்போட்டது ஒண்ணாவது எடுங்க. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"வேணாம் தம்பி. எல்லாம் எல்லாத்தோடையும் பொருந்தணுமாம்."

"யாரு சொன்னா?"

"மெனேஜர் மிஸ்."

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

3. கொடியில் கண்ட வெள்ளை

புதுத்துணியை அலசாமல் போடுவது லினன் ரூம்காரிக்கு ஆகாது. பத்தையும் அலசிக் கொடியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் லயத்தில் பக்கத்து வீடான அடுத்த காம்பராச் சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"ரீட்டாக்கா, அண்ணன் நல்லாத்தானே இருக்காரு?"

கொடியைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை, கறுப்பு, சாம்பல். பொட்டுப் பூகூட இல்லை. பார்த்தவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த அந்தோணி குரல் கொடுத்தார். "இன்னும் இருக்கேன் தங்கச்சி."

நான் விஷயத்தைச் சொன்னேன். சரோஜாவுக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கும் பாதிதான் விளங்கியிருந்தது, அதனால் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கறுப்புப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தவள் முகம் சட்டென்று மாறியது.

"அக்கா, எம் மக கோகிலாவுக்கு வியாழக்கெழம இன்டர்வியூ. டவுன்ல தனியார் ஆஸ்பத்திரியில, ரிசெப்ஷனுக்கு. போட்டுப் போக ஒண்ணும் சரியா இல்ல. அன்னைக்கு மட்டும்னு குடுத்தீங்கன்னா..."

எங்கள் லயத்தில் உடுப்புக் கேட்டால் இல்லை என்று சொல்வது வழக்கமில்லை. என் கூறைச்சாரி என்னைவிட அதிகக் கல்யாணம் பார்த்தது. கறுப்புப் பாவாடையும் வெள்ளை பிளவுஸும் போயின. இடுப்பு கொஞ்சம் பெரிசு, ஊக்குக் குத்திச் சரிசெய்தோம்.

கண்ணாடி முன்னால் நின்ற கோகிலாவைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அதை மற்ற காம்பராக்காரர்களும் பார்த்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். ஒருத்திக்கு வங்கிக்குப் போக வேண்டும். ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கூட்டம். எல்லோரும் சொன்னது ஒரே சொல்தான்: "இன்னைக்கு மட்டும் அக்கா."

எதோடு எதைப் போட்டாலும் பொருந்தும் என்று மிஸ் சொன்னது சத்தியம். யாருக்குப் போட்டாலும் பொருந்தியது. பத்தும் என்னுடையதா, லயத்துடையதா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

4. டிரெக்டர் வந்த நாள்

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. இரவல் வாங்கியதைத் துவைத்துக் காயவைக்காமல் திருப்பிக் கொடுக்க மாட்டோம். அந்த வாரம் மழை விடவே இல்லை. என் உடுப்புகள் லயம் முழுக்க, அடுப்புக்கு மேலே கட்டிய கயிறுகளில் தொங்கின. எனக்கென்று மீதி வைத்து லொபிக்குப் போட்ட இரண்டும் பஸ்ஸுக்கு ஓடியதில் நனைந்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து மிஸ் ஃபோன் பண்ணினார். "அக்கா, நாளைக்கு டிரெக்டர் வாறார். நல்லா உடுத்திட்டு வாங்க."

விடியற்காலையில் காம்பரா காம்பராவாகப் போய்க் கேட்டேன். சரோஜா பாவாடையைப் பிழிந்து காட்டினாள், தண்ணீர் சொட்டியது. "அக்கா, உங்க வேலைக்கு ஏதும் ஆகிடுமா?" என்று அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் பஸ் போய்விடும். பச்சை யூனிபோம் சாரியைக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

லொபியில் என்னைக் கண்டதும் மிஸ் முகம் சிவந்துவிட்டது. "என்ன அக்கா இது? உடுப்பெல்லாம் எங்க?"

பொய் சொல்லத் தெம்பில்லை. கோகிலாவின் இன்டர்வியூ, பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்துக் கூட்டம், மழை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது உங்க பெர்சனல் உடுப்பு அக்கா. எப்படிக் குடுக்கலாம்?"

"கேட்டாங்க மிஸ்."

மிஸ்ஸுக்கும் இது விளங்கவில்லை என்று தெரிந்தது. வாசலில் டிரெக்டரின் வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டது. மிஸ் சட்டென்று தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார்.

"கோட்டுக்குள்ள கையை விடுங்க. கெதியா, அவர் வந்துட்டார். இன்னைக்கு மட்டும்தான்."

அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோட்டு கையில் இறுகியது, பொத்தான் போட முடியவில்லை. டிரெக்டர் உள்ளே வந்தபோது பின்னாலேயே ஒரு குடும்பம் நனைந்துபோய் வந்தது. பழக்கதோஷம், நான் ஓடிப்போய்த் துவாய்களை எடுத்து வந்து அந்தப் பிள்ளைகளின் தலையைத் துவட்டினேன். டிரெக்டர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இவங்க இங்கயே இருக்கட்டும்" என்றார் மிஸ்ஸிடம். பிறகு, "நீங்க ஏன் இந்தக் குளிர்ல கோட்டு இல்லாம நடுங்கிறீங்க?"

"எனக்கு வேர்க்குது சேர்" என்றார் மிஸ்.

5. கோட்டு

போட்டதைச் சும்மா திருப்பிக் கொடுப்பதா? வீட்டுக்குக் கொண்டுபோனேன். கம்பளிக் கோட்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, பிரஷ் போட்டு, காற்றாடக் கொடியில் மாட்டினேன்.

சரோஜா வந்து நின்றாள். அவள் கண் கொடியில் இருந்தது. "கோகிலாவை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க அக்கா. இது கடைசி இன்டர்வியூவாம். பெரிய டொக்டர்மாரெல்லாம் இருப்பாங்களாம்."

"அது மிஸ்ஸோட கோட்டு சரோஜா."

"தெரியும் அக்கா" என்றாள். ஆனால் போகவில்லை.

மறுநாள் லொபியில் மிஸ் கேட்டார். "கோட்டு எங்க அக்கா?"

"இன்னும் காயல மிஸ்."

மிஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அன்றைக்குப் பார்த்து நுவரெலியாவில் வெயில் கொளுத்தியது. என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சரி" என்றார். "கோகிலாவுக்குக் கை நீளம் சரியா இருந்துச்சா?"

இப்போது லொபி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எத்தனை உடுப்பு வாங்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறார்கள். பத்து என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் பழைய கணக்கைத்தான் சொல்கிறேன், ஒன்றைக் கூட்டி. உடம்பில் ஒன்று, தண்ணீரில் ஒன்று, தட்டில் ஒன்று, பக்கத்துக் காம்பராவில் ஒன்று.