எலுமிச்சம்பயம்

"மைக்குல இன்னாவோ மக்கர் பண்ணுதும்மா. இன்னொரு தபா பாடிடு" என்று எழுந்து, நன்றாக இருந்த மைக்கை ஏழாவது முறையாகத் திருகினார் தேவராஜ்.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. கோவில்பதாகையிலிருந்து முதன்முதலாக அம்மன் பாட்டுப் பதிய வந்த வேம்புலியம்மாளின் நாக்கில்தான் 'ழ' ஏறவில்லை. 'எலுமிச்சம்பழம் கொண்டுவந்தேன் தாயே' என்ற அடி, அவள் வாயில் 'எலுமிச்சம்பயம்' என்றே வந்தது. கூட வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மைக்கைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். எட்டாவது முறை, "இப்ப சரியாயிடுச்சு" என்றார் தேவராஜ். பன்னிரண்டு வருஷமாக ஆடி மாதத்தில் தெருவே அந்தப் பாட்டைப் பயத்தோடுதான் கேட்கிறது.

பாட்டு வெளிவந்த பிறகு, தன் மகள் ஜோதிகா சொல்லித்தான் வேம்புலியம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. வெட்கத்தோடு ஓடிப்போய்க் கேட்டாள். "இன்னாண்ணே, அப்பவே சொல்லக்கூடாதா?"

"இருக்கட்டும்மா. பயத்தையும் ஆத்தாகிட்டதான வெக்கணும்? வேற ஆராண்ட வெப்ப?"

அவர் அப்படித்தான். கள்ளிக்குப்பத்தில் மாடியில் ஒற்றை அறைதான் அவர் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய மெத்தை. பாட்டு ஏறும்போது விசிறிகூட ஓடாது, துண்டு நனைய நனைய உட்கார்ந்திருப்பார். பதினாறு வயதில் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர், கேசட்டு, சிடி என்று ஏறி இன்றைக்கு யூடியூப் வரை வந்துவிட்டார். டீக்கடை பிரிட்ஜ் முனகினால், "சுருதி சேந்துகீது பார்" என்று தலையாட்டுவார். பாடுகிறவர் தாளம் தப்பினால் கரண்டைத் திட்டுவார், குரல் பிசிறினால் ஒயரைத் திட்டுவார். மனுஷரை ஒரு சொல் சொன்னதில்லை.

இந்த ஆடிக்குப் புதுப் பாட்டு. பாடி முடித்துக் கேட்டபோது ஜால்ரா சத்தம் ஊசியாய்க் குத்தியது. வேம்புலியம்மாள் காதைப் பொத்தினாள்.

"ஜால்ரா ஜாஸ்தியா கீதேண்ணே?"

"எங்கம்மா? கேக்கவே மாட்டேங்குதே!" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருஷம் ஸ்பீக்கருக்கே கொடுத்த காதாயிற்றே. தாயே, இவருக்கா இந்தச் சோதனை என்று நெஞ்சுக்குள் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "மிஷின்லதாண்ணே இன்னாவோ மக்கரு."

திருகிய கை நின்றது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என் சரக்க எனக்கே விக்கிறியா?" பிறகு குரல் இறங்கியது. "ஆறு மாசமாவே இப்டிதாம்மா. சன்ன சத்தம் எதுவும் வர்றதில்ல. நாளிக்கு டாக்டராண்ட போறேன். அவரும் கைய விரிச்சிட்டா, ரூமப் பூட்டிட வேண்டிதான்."

அவள் நாற்காலியை மிஷின் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"செரி, நீ சொல்லு. எங்க நிறுத்தணும்?"

அவள் கை காட்டிய இடத்தில் ஜால்ராவை நிறுத்தினார். தனக்குச் சரியாகக் கேட்காத பாட்டை அவள் முகத்தைப் பார்த்தே முடித்தார்.

படி இறங்கும்போது வேம்புலியம்மாள் திரும்பினாள். "வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேண்ணே. ஒங்க பேருக்கு எலுமிச்சம்பழம் வெக்கிறேன்." பன்னிரண்டு வருஷப் பயிற்சியில், நாக்கை மடித்து, 'ழ'வைச் சரியாகவே சொன்னாள்.

தேவராஜ் காதோரம் கையைக் குவித்துக் கேட்டுக்கொண்டார்.

"பழம் வேணாம் வேம்பு. பயத்தையே வெச்சிட்டு வா."